பேக்லியா, ஜாக்சனா, டோன்சிச்சா: 2018-இல் சாக்ரமென்டோவின் முன் இருந்த கணக்கு

2018 ஜூன் 21 அன்று புரூக்ளினில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடந்தபோது, முதல் இடத்தில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி டியாண்ட்ரே ஏய்ட்டனை எடுத்ததில் யாருக்கும் பெரிய வியப்பில்லை. கேள்வியெல்லாம் இரண்டாம் இடத்தைப் பற்றித்தான். அந்த இடம் சாக்ரமென்டோ கிங்ஸின் கையில் இருந்தது. முந்தைய சீசனில் 27 வெற்றி, 55 தோல்வி என்று முடித்த அந்த அணிக்கு, அதிகம் தோற்றவர்களுக்கு முன்னிடம் என்ற வரிசைப்படி ஏழாம் இடம் அளவுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். முன்னிடங்களைத் தீர்மானிக்கும் குலுக்கலில் அதிர்ஷ்டம் அடித்து இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. 2006-க்குப் பிறகு, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்காத அணிக்கு இப்படியொரு வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

அந்த இடத்தில் அவர்கள் எடுத்தது டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபார்வர்ட் (கூடைக்கருகே ஆடும் உயரமான வீரர்) மார்வின் பேக்லியை. மூன்றாம் இடத்தில் போன ஸ்லோவேனிய வீரர் லூகா டோன்சிச் பின்னர் லீகின் பெரிய நட்சத்திரமானது எல்லோருக்கும் தெரியும் என்பதால், இந்த முடிவைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் கேலியோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் ஆர்வமில்லை. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படித் தீர்மானித்திருக்க வேண்டும் என்பதே இங்கே என் கேள்வி. அன்றைய ரசிகர் விவாதம் ஏறத்தாழ முழுவதும் "உடல்திறனா, ஆட்டத்திறனா" என்ற பிரிவினையில் சிக்கிக்கொண்டது: பேக்லிக்கு உடல்திறன் இருக்கிறது, ஆகவே வளர இடமிருக்கிறது, டோன்சிச்சுக்கு ஆட்டம் தெரியும், ஆனால் உடல்திறன் இல்லை, ஆகவே அவர் எட்டக்கூடிய உயரம் குறைவு. இந்தப் பிரிவினையே கோணலானது என்பது என் கருத்து. உடல்திறன் ஒரே சரக்கு அல்ல. பேக்லியிடம் இருந்தது அதில் ஒரு வகை மட்டுமே, அதுவும் ஓர் ஃபார்வர்டுக்கு மிகவும் தேவைப்படும் வகை அல்ல.

முதலில் பேக்லிக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். அவரைத் தேர்ந்தெடுத்தது பைத்தியக்காரத்தனம் அல்ல. பள்ளியில் ஓர் ஆண்டு முன்னதாகவே முடித்துக்கொண்டு டியூக்குக்கு வந்த அவர், வயதில் தன்னைவிட மூத்தவர்களுக்கு எதிராக ஆட்டத்துக்குச் சராசரியாக 21 புள்ளிகளும் 11.1 ரீபவுண்டுகளும் (கூடைக்குள் போகாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். களத்திலிருந்து எறிந்த பந்துகளில் 61 சதவீதத்துக்கும் மேல் கூடைக்குள் போயின. டியூக் ஆடும் கல்லூரி லீகான ஏசிசி மாநாட்டின் சிறந்த வீரர் விருதை முதலாண்டு மாணவராகவே வென்றார். தாய்வழித் தாத்தா ஜோ கால்ட்வெல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர், குதிப்புக்குப் பெயர்போனவர். ரத்தத்திலேயே இருக்கிறது என்று ரசிகர்கள் சொன்னதில் தவறொன்றும் இல்லை.

பேக்லியின் ஆட்டத்தில் கண்ணைக் கட்டிப்போட்ட விஷயம் அவருடைய இரண்டாவது குதிப்பு. கூடைக்கு அடியில் அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறிக்கும். அவரோடு சேர்ந்து எழும்பிய எதிரணி வீரர் தரையைத் தொட்டு, முழங்காலை மடித்து, மறுபடி எழும்பத் தயாராகும் நேரத்துக்குள் பேக்லி இரண்டாம் முறை மேலே போய் அதே பந்தைத் தட்டி உள்ளே போட்டிருப்பார். சில சமயம் மூன்றாவது முறையும். இது பார்க்கப் பிரமாதமாக இருக்கும் என்பதோடு உண்மையிலேயே புள்ளி தரும் திறமையும்தான். திடல் முழுக்க ஓடுவதிலும் அந்த உயரத்தில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. வேகமாக ஓடும் இளம் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) டியாரன் ஃபாக்ஸை முந்தைய ஆண்டு எடுத்திருந்த கிங்ஸுக்கு, அவரோடு சேர்ந்து ஓடி, பந்தைக் காற்றில் வாங்கிக் கூடையில் அறையும் ஓர் ஃபார்வர்ட் வேண்டும் என்ற நினைப்பு வந்ததில் அதிசயமில்லை.

ஆனால் குதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு மற்ற எண்களைப் பார்த்தால் படம் மாறுகிறது. ஏறத்தாழ 6 அடி 11 அங்குல உயரமும் மேற்சொன்ன குதிப்பும் கொண்ட ஒருவர் கல்லூரி அளவில் ஆட்டத்துக்கு ஒரு பிளாக்குக்கும் (எதிராளி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பது) குறைவாகவே எடுத்தார். பந்துப் பறிப்பும் ஒன்றுக்குக் கீழேதான். அவருடைய கை விரிப்பு உயரத்தைவிடச் சற்றே கூடுதல், ஏழடியை ஒட்டியது. என்பிஏவின் பெரிய வீரர்களுக்கு நடுவே இது குட்டை. குதிப்பு உயரமாக இருந்தாலும் கை குட்டையாக இருந்தால், தாக்குதலில் அதை மறைத்துவிடலாம், ஏனென்றால் எப்போது எழும்புவது என்பதைத் தாக்குபவரே முடிவு செய்கிறார். தடுப்பில் அந்த வசதி இல்லை. எதிராளி எழும்பிய பிறகுதான் நீங்கள் எழும்ப முடியும், அந்த அரை நொடி தாமதத்தைச் சரிக்கட்டுவது கையின் நீளமும், ஆட்டம் எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே படிக்கும் புத்தியும்தான். அந்த சீசனின் நடுவில் டியூக் அணி ஆளுக்கு ஆள் தடுப்பைக் கைவிட்டு, ஆளாளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்புக்கு மாறியதே, அந்த அணியின் திறமையான இளம் வீரர்களால் தடுப்பைச் சமாளிக்க முடியவில்லை என்பதற்குச் சான்று. அந்தப் பழி பேக்லிக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் அதன் நடுவில் நின்றவர்களில் அவர் ஒருவர்.

எறிதலைப் பற்றிய வாதம் இன்னும் சுவாரசியமானது. தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிவில் பேக்லி 40 சதவீதத்தை ஒட்டி இருந்தார் என்பதை அவருடைய ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அது சீசன் முழுவதும் சேர்த்து அறுபதுக்கும் குறைவான முயற்சிகளில் வந்த எண். அதே சீசனில் ஏறத்தாழ இருநூறு ஃப்ரீ த்ரோ எறிந்து, 62.7 சதவீதம்தான் போட்டார். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்திலிருந்து, ஒரே விதமாக எறியும் ஃப்ரீ த்ரோ ஒருவருடைய கையின் தரத்தைக் காட்டும் அளவுக்குச் சொற்பமான மூன்று புள்ளி முயற்சிகள் காட்டுவதில்லை என்பது டிராஃப்ட் அலசுபவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் விஷயம். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பெரிய கணக்கில் வந்த எண்ணை நம்புவதே விவேகம். இதோடு, கூடைக்கருகே எதைச் செய்தாலும் இடது கைக்கே திரும்பும் பழக்கமும் அவருக்கு இருந்தது. கல்லூரியில் அதைத் தடுக்க முடியாமல் போனது அவர் எல்லோரையும்விட வேகமாக எழும்பியதால்தான். எழும்பும் வேகத்தில் தனக்குச் சமமானவர்கள் எதிரே நிற்கும் லீகில் அந்தப் பழக்கம் என்னவாகும் என்ற கேள்விக்கு ஆதரவாளர்களிடம் பதில் இல்லை. "பத்தொன்பது வயதுதானே, கற்றுக்கொள்வார்" என்பது எல்லா இளம் வீரருக்கும் சொல்லக்கூடியது. அதை ஒருவருக்கான தனிச் சாதகமாக வைக்க முடியாது.

இனி இரண்டாவது தேர்வுக்கு வரலாம். ரசிகர்களில் பெரும்பாலோர் பேக்லியையும் டோன்சிச்சையும் எதிரெதிரே நிறுத்தி வாதிட்டார்களே தவிர, "எங்களுக்கு ஃபாக்ஸ் இருக்கிறார், ஆகவே ஃபார்வர்டுதான் வேண்டும்" என்று முடிவு செய்தவர்கள் முதலில் ஒப்பிட்டிருக்க வேண்டியது பேக்லியையும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜேரன் ஜாக்சன் ஜூனியரையும்தான். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஒப்பீடாகவே தோன்றியிருக்காது. ஜாக்சன் ஆட்டத்துக்கு 10.9 புள்ளிகள், 5.8 ரீபவுண்டுகள் என்றே முடித்தார். பேக்லியின் கணக்கில் பாதி. ஆனால் அவர் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு நிமிடம்கூடக் களத்தில் நிற்கவில்லை, அந்த நேரத்துக்குள் சராசரியாக 3 பிளாக் எடுத்தார். கை விரிப்பு 7 அடி 5 அங்குலம். மூன்று புள்ளி எறிவில் அவரும் 40 சதவீதத்தை ஒட்டியே இருந்தார். ஆனால் அவருடைய ஃப்ரீ த்ரோ ஏறத்தாழ 80 சதவீதம். ஆகவே அந்த மூன்று புள்ளி எண்ணை நம்புவதற்கு அவர் விஷயத்தில் இன்னொரு எண் துணை நிற்கிறது. பேக்லியைவிட அரை வயது இளையவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் அன்று ஜாக்சனுக்குப் பதினெட்டு வயதுதான்.

ஜாக்சன் பேக்லியைப் போலப் பறக்கவில்லை. பந்தைத் தோளுக்கருகிலிருந்து தள்ளிவிடுவதுபோன்ற அவருடைய எறிதல் முறை பார்க்க அவ்வளவு அழகாகவும் இல்லை. ஆனால் அவருடைய கால்களைக் கவனித்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும்: எதிரணியின் குள்ளமான கார்டு ஒருவர் அவரை நடுத்திடலுக்கு இழுத்து வந்து பந்தைத் தட்டித் தட்டி ஏமாற்றப் பார்க்கும்போது, ஜாக்சன் இடுப்பைத் தாழ்த்தி, கால்களைக் குறுக்கிடவிடாமல் பக்கவாட்டில் நழுவி, கடைசி நொடியில் அந்த நீண்ட கையை நீட்டுவார். என்பிஏவில் சக வீரர் குறுக்கே நின்று திரை போட்டுத் தடுப்பாளர்களை மாற்றிவிடும் ஆட்டமுறை எங்கும் பரவிவிட்ட காலத்தில், ஓர் ஃபார்வர்டுக்கு மிகவும் அரிதான உடல்திறன் இதுதான். இதையும் உடல்திறன் என்றே சொல்ல வேண்டும். காணொளித் துண்டுகளில் பளிச்சென்று தெரிவதில்லை என்பதால் ரசிகர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே.

ஜாக்சனுக்கு எதிரான வாதங்களும் இருந்தன. ரீபவுண்ட் எடுப்பதில் அவருடைய உயரத்துக்கும் கைநீளத்துக்கும் அவர் பின்தங்கியவர். ஃபவுல் செய்வதில் தாராளம். களத்தில் குறைவான நேரமே நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த இரண்டு குறைகளும் என்பிஏவுக்குப் போன பிறகும் அவரை விடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஃபவுல் செய்யும் இளம் பெரிய வீரருக்கும், பந்தைத் தடுக்க முயலாமலே நிற்கும் இளம் பெரிய வீரருக்கும் இடையே தேர்வு செய்யச் சொன்னால் நான் முன்னவரையே எடுப்பேன். முயற்சியின் மிகுதியைப் பயிற்சியாளர் அடக்கிவிட முடியும். ஊகிக்கும் திறன் இல்லாத இடத்தில் அதைப் பொருத்துவது கடினம்.

டோன்சிச்சைப் பொறுத்தவரை, அன்றைய தகவலே போதுமான அளவுக்கு உரக்கப் பேசியது. பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டின் முதன்மை அணிக்காகக் களமிறங்கியவர். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோபாஸ்கெட் கோப்பையை ஸ்லோவேனியா வென்றபோது, பதினெட்டு வயதில் அதன் முக்கியத் தூண்களில் ஒருவர். 2018 மே மாதம் பெல்கிரேடில் ஃபெனர்பாசே அணியை 85–80 என்று வீழ்த்தி ரியல் மாட்ரிட் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோலீக் கோப்பையை வென்றது. அந்த சீசனின் சிறந்த வீரர் விருது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இரண்டும் அவருக்கே. யூரோலீகின் சிறந்த வீரராகத் தேர்வானவர்களில் அவரைவிட இளையவர் எவரும் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கு எதிராக 21 புள்ளி எடுப்பதையும், முப்பது வயதுத் தொழில்முறை வீரர்களுக்கு எதிராக 16 புள்ளி எடுத்து ஓர் அணியையே வழிநடத்துவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அவருடைய உடல்திறனைப் பற்றிய ஐயம் நியாயமாகவே தோன்றியது: முதல் அடி வேகம் இல்லை, குதிப்பு இல்லை, பக்கவாட்டு அசைவு மந்தம், உடல் கொஞ்சம் கனம். ஆனால் இதிலும் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிற்பது ஓர் உடல்திறன்; துரத்தி வருபவரை இடுப்பால் பின்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து அதன்படி நகர்வதும், எதிராளி மோதும்போது சமநிலை குலையாமல் பந்தை எறிவதும் அப்படித்தான். வேகத்தைக் கூட்டுவதில் டோன்சிச் சராசரி. குறைப்பதில் அவருக்கு இணையானவர்கள் அன்றும் அரிது. தடுப்பாளர் ஓடிவந்த வேகத்தில் இரண்டு அடி முன்னால் போய்விட, இவர் பின்வாங்கி நின்ற இடத்திலிருந்து சாவகாசமாகப் பந்தை எறியும் காட்சி ரியல் மாட்ரிட் ஆட்டங்களில் வாரந்தோறும் கிடைத்தது. மூன்று புள்ளி எறிவில் அவர் மூன்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தார் என்பது மட்டும் உண்மையான குறை. அதிலும் பெரும்பகுதி தானே உருவாக்கிக்கொண்ட கடினமான எறிவுகள்.

டோன்சிச் ஃபாக்ஸோடு பொருந்த மாட்டார் என்ற வாதத்துக்கு நான் அதிக மதிப்புத் தரவில்லை. முதலாண்டில் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிக்கும் குறைவாக எடுத்த, மூன்று புள்ளி எறிவில் 31 சதவீதத்தைத் தாண்டாத ஒரு கார்டுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டாம் இடத் தேர்வை வளைப்பது, சட்டைப் பொத்தான் ஒன்றுக்காகச் சட்டை தைப்பது போன்றது. ஃபாக்ஸ் நல்ல வீரராக வளர்ந்தார் என்பதும் இந்தக் கணக்கை மாற்றாது.

டோன்சிச்சுக்கு எதிராக ரசிகர்கள் வைத்த இன்னொரு வாதம் வேடிக்கையானது. ஸ்லோவேனியாவை யூரோபாஸ்கெட்டில் பயிற்றுவித்த இகோர் கோகோஷ்கோவ் அதே ஆண்டு ஃபீனிக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகியிருந்தார். டோன்சிச்சை நெருக்கத்தில் பார்த்தவரின் அணியே அவரை எடுக்கவில்லையே என்றார்கள். டிராஃப்டில் யாரை எடுப்பது என்பதைப் பயிற்சியாளர் தீர்மானிப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சாக்ரமென்டோவில் அந்த முடிவை எடுக்கும் நாற்காலியில் இருந்தவர் வ்லாடே டிவாட்ஸ், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து என்பிஏவில் பெயர் வாங்கிய பெரிய வீரர், குதிப்பால் அல்லாமல் பந்துக் கொடுப்பாலும் தந்திரத்தாலும் பிழைத்தவர். ஐரோப்பிய ஆட்டத்தின் மதிப்பு தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. அப்படிப்பட்டவரே குதிப்பின் பக்கம் சாய்ந்தார் என்றால், அந்தக் கவர்ச்சி எவ்வளவு வலியது என்பதை ஊகிக்கலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது என் வாதத்தின் ஆதாரம் அல்ல என்பதால். பேக்லி முதலாண்டில் 14.9 புள்ளி, 7.6 ரீபவுண்ட் என்று நன்றாகவே தொடங்கினார். ஆண்டின் சிறந்த புதுமுகங்களின் முதல் அணியில் இடமும் பெற்றார். இரண்டாம் ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே வலது கட்டைவிரல் முறிந்தது. அந்த சீசனில் பதின்மூன்று ஆட்டங்களே ஆட முடிந்தது. 2019 அக்டோபரில் மும்பையில் கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மோதிய, இந்தியாவில் நடந்த முதல் என்பிஏ ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள், காயத்துக்குச் சற்று முன்பிருந்த பேக்லியின் அணியைத்தான் பார்த்தார்கள். 2022 பிப்ரவரியில் அவர் டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்டார். காயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஜாக்சனும் முழங்கால் காயத்தால் ஏறத்தாழ ஒரு சீசனையே இழந்தவர், அதன் பிறகு 2023-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். பேக்லி நலமாக இருந்த காலத்திலும் அவருடைய பிளாக் எண்ணிக்கை ஒன்றைச் சுற்றியே நின்றது, முதலாண்டில் ஃப்ரீ த்ரோ எழுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. டியூக்கில் தெரிந்த அதே குறைகள்தான். கட்டைவிரல் முறிவு அவற்றை உண்டாக்கவில்லை.

ஆக, அன்றைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் டோன்சிச்சை எடுத்திருப்பேன். ஃபார்வர்டுதான் என்று உரிமையாளர் பிடிவாதம் பிடித்திருந்தால் ஜாக்சனை. ஆனால் விவாதத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு வழியும் இருந்தது, சாக்ரமென்டோவின் தனிப்பட்ட நிலைமைக்கு அது மிகவும் பொருந்தியிருக்கும்.

கிங்ஸிடம் 2019-ஆம் ஆண்டுக்கான சொந்த முதல் சுற்றுத் தேர்வு இல்லை. 2015-இல் ஃபிலடெல்ஃபியாவுடன் செய்த பேரம் ஒன்றில் அதைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பின்னர் அது பாஸ்டனின் கைக்குப் போனது. அதாவது அடுத்த சீசனில் தோற்றாலும் அவர்களுக்கு அதனால் ஓர் இளம் வீரரும் கிடைக்கப் போவதில்லை. அதே நேரத்தில் டோன்சிச்சின் மேல் கண் வைத்திருந்த டல்லாஸ் அணி ஐந்தாம் இடத்தில் காத்திருந்தது. அவரை மூன்றாம் இடத்தில் எடுத்த அட்லாண்டாவுக்கு, தாங்கள் எடுத்த ட்ரே யங்கையும் 2019-இன் முதல் சுற்றுத் தேர்வொன்றையும் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டது. ஆகவே டோன்சிச் வேண்டாம் என்று கிங்ஸ் உறுதியாக முடிவு செய்திருந்தால், அவரை இரண்டாம் இடத்தில் எடுத்து டல்லாஸிடம் கொடுத்துவிட்டு, தங்களிடம் இல்லாத 2019 முதல் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக டல்லாஸின் 2019 தேர்வையும், அதன் ஐந்தாம் இடத்தையும் பெறப் பேரம் பேசியிருக்கலாம்.

இதில் இழப்பு என்னவாக இருந்திருக்கும் என்று பார்க்கலாம். அப்போது இடையில் எஞ்சுவது அட்லாண்டாவின் மூன்றாம் இடமும் மெம்பிஸின் நான்காம் இடமும்தான். யங்கையே விரும்பிய அட்லாண்டா, பேரம் பேச டோன்சிச் கையில் இல்லாத நிலையில், அவரை நேரடியாக எடுத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் மெம்பிஸ் பேக்லி, ஜாக்சன் இருவரில் ஒருவரை எடுத்திருக்கும், மற்றவர் ஐந்தாம் இடத்துக்கு வந்திருப்பார். மெம்பிஸ் பேக்லியின் குதிப்பில் மயங்கியிருந்தால் கிங்ஸுக்கு ஜாக்சன். இல்லையென்றால், அவர்கள் இரண்டாம் இடத்தைச் செலவழித்து எடுத்த அதே பேக்லி, கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வு.